வெள்ளம் எடுத்தாச்சு

1. பம்ப் முதலாளியின் படகு

சார்ஜாவில் ஒரு படகு ஒர்க்‌ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டு நாகர்கோவிலுக்குத் திரும்பியபோது, இனி டீசல் வாசனையே வேண்டாம் என்றுதான் வந்தேன். மூன்று மாதம் தாங்கினேன். நாலாவது மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். நம் மாவட்டத்தின் மேற்கே, ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளே, ஒரு தென்னந்தோப்பு வாங்கியிருக்கிறாராம். கொச்சியிலிருந்து ஒரு பழைய கேபின் குரூசர் படகும் வாங்கி அங்கே கட்டிப்போட்டிருக்கிறாராம். வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். பெயர் நாச்சிமுத்து. தொழில், பம்ப் செட் தயாரிப்பது.

இரண்டு பஸ் மாறிப் போனேன். முப்பத்தோரு அடிப் படகு. நாலு பேர் படுக்கலாம், சின்ன சமையல் மேடை, கக்கூஸ், ஒற்றை டீசல் எஞ்சின். வெளிநாட்டில் கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வெளியே புது பெயின்ட் அடித்துக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. எஞ்சினுக்கு மேலே உள்ள மூடியை, ஹேட்சை, திறந்தேன். எனக்கு முன்னால் வந்த ஒவ்வொரு எலக்ட்ரீசியனும் கையில் கிடைத்த நிறத்தில் ஒயர் இழுத்து, முறுக்கி, டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தான். அடித்தட்டில் முழங்கால் வரை தண்ணீர். அதை வெளியேற்ற வேண்டிய பில்ஜ் பம்ப்பின் ஃப்ளோட் சுவிட்சை எவனோ நைலான் கயிற்றால் மேலே தூக்கிக் கட்டியிருந்தான். தண்ணீர் ஏறினாலும் பம்ப் ஓடாது. சத்தம் பிடிக்காத ஆளாக இருந்திருக்க வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனுங்க சிரிக்கறீங்க?" என்றார் நாச்சிமுத்து.

"ஒண்ணுமில்ல சார். பம்ப் முதலாளி படகுல பம்ப் மட்டும்தான் ஓடல்ல."

அவரும் சிரித்தார். வேலை எனக்கு வந்தது.

முதல் இரண்டு மாதம் நான் புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை. பிடுங்கினேன், அவ்வளவுதான். எங்கும் போகாத ஒயர்கள் மட்டும் ஒரு சாக்கு தேறின. மிச்சமிருந்த ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் லேபிள் ஒட்டினேன். பாட்டரி டெர்மினல்களைச் சுரண்டி கிரீஸ் வைத்தேன். எஞ்சினைக் குளிர்விக்கக் கடல் தண்ணீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லரில் ஆறு இறக்கைகளில் நாலுதான் இருந்தன. ஒடிந்த இரண்டையும் அந்தத் தண்ணீர் போகும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் கண்டுபிடித்து எடுத்தேன். ஒடிந்த துண்டு கையில் கிடைக்கும்வரை அந்த வேலை முடியவில்லை என்று அர்த்தம். புது இம்பெல்லரை மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவனை நான் மெக்கானிக் என்று சொல்லமாட்டேன்.

2. ததேயுஸ்

படகை ஓட்டவும் பார்த்துக்கொள்ளவும் நாச்சிமுத்து ஓர் ஆளை வைத்திருந்தார். ததேயுஸ், ஐம்பது வயது, பக்கத்துக் கடற்கரைக் கிராமம். முப்பது வருஷம் மீன்பிடித்துவிட்டு, தோளில் அடிபட்டு, வலை இழுக்க முடியாமல் இந்த வேலைக்கு வந்தவர். எஞ்சினைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் பொழிமுகத்தில் அலை எப்படி மடங்குகிறது என்று கரையில் நின்றே சொல்லிவிடுவார். ஆறும் கடலும் சேரும் அந்தப் பொழிமுகம் மோசமான இடம். இரண்டு பக்கமும் கல் சுவர், நடுவில் மணல் திட்டு. அதைத் தாண்டி அந்தப் படகைக் கொண்டுபோய்க் கொண்டுவர அவரால்தான் முடியும்.

எங்கள் இரண்டு பேர் ஊருக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் நாஞ்சில் நாட்டில் நாங்கள் தண்ணி என்பதை அவர்கள் வெள்ளம் என்பார்கள். குடிப்பது, குளிப்பது, படகுக்குள் கசிவது எல்லாமே வெள்ளம்தான். சார்ஜாவில் மலையாளிகளோடு ஒரே அறையில் கிடந்தவன் நான். எனக்கும் அந்தப் பேச்சு நன்றாக வரும் என்று ஒரு கர்வம். அவரிடம் பேசும்போது தண்ணி என்று சொல்லாமல் வெள்ளம் என்றே சொல்வேன். அவர் பேச்சில் அவரோடு பேசுகிறேன் என்று எனக்கு உள்ளூர ஒரு பெருமை. இப்போது எழுதும்போது அந்தப் பெருமையை நினைத்தால் எரிச்சலாக வருகிறது.

3. கண்ணாடிக் கிண்ணம்

பழைய படகில் டீசல் டாங்க்குக்குள் தண்ணீர் சேரும். மேல்தட்டில் உள்ள டீசல் மூடியின் ஓ ரிங், அந்த ரப்பர் வளையம், வெடித்திருந்தால் மழை உள்ளே இறங்கும். டாங்க் பாதி காலியாகக் கிடந்தால் உள்சுவர் வியர்த்துச் சொட்டும். தண்ணீர் கனம், டீசல் லேசு. அதனால் எஞ்சினுக்குப் போகும் வழியில் ஒரு வாட்டர் செப்பரேட்டர் ஃபில்டர் இருக்கும். அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கிண்ணம். தண்ணீர் அதில் தங்கும். கீழே உள்ள சின்னத் திருகைத் திறந்து வடித்துவிட வேண்டும். கிண்ணம் நிரம்பினால் தண்ணீர் எஞ்சினுக்குள் போகும், எஞ்சின் நின்றுவிடும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை.

அந்தப் படகில் கிண்ணம் வயதாகிப் பழுப்பேறிப் போயிருந்தது. உள்ளே தண்ணீரா டீசலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. புதுக் கிண்ணம் வாங்க வேண்டும் என்று என் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுதி நாலு மாதம் ஆகியிருந்தது. படகு கடலுக்குப் போவதற்கு முன்னால் நானே வந்து வடித்துவிடுவேன், எதற்கு அவசரம் என்று விட்டுவிட்டேன். வடிப்பது எப்படி என்று ததேயுசுக்கு ஒரு தடவை காட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். தலையாட்டினார்.

4. பூஜை விடுமுறை

பூஜை விடுமுறைக்கு நாச்சிமுத்து மனைவியோடும் இரண்டு பேத்திகளோடும் வந்தார். மழைக்குப் பிறகு முதல் தடவையாகக் கடலுக்குப் போவதாக ஏற்பாடு. அன்றைக்குத்தான் என் தங்கை மகனுக்குச் சர்ச்சில் கல்யாணம். நான் போக முடியாது. முந்தின நாளே ததேயுசுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு நான் வரமாட்டேன். புறப்படுததுக்கு முன்னால மறக்காம வெள்ளம் எடுத்திரு."

"அது நான் எடுக்காம இருப்பேனா சாரே" என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, வேட்டியைக் கட்டிக்கொண்டே மறுபடியும் கூப்பிட்டேன்.

"ததேயுசே, வெள்ளம் எடுத்தியா?"

"எடுத்தேன் சாரே. காலத்தயே எடுத்தாச்சு."

"முழுசுமா?"

"முழுசும் எடுத்தாச்சு."

நிம்மதியாகக் கல்யாணத்துக்குப் போனேன். பத்தரை மணிக்கு, சர்ச்சில் மோதிரம் மாற்றும் நேரத்தில், பையில் போன் அதிர்ந்தது. வெளியே போய் எடுத்தேன். நாச்சிமுத்து. பின்னால் குழந்தைகள் அழுகிற சத்தம்.

பொழிமுகத்தைத் தாண்டும்போது, சரியாக மணல் திட்டுக்கு நேரே, எஞ்சின் இரண்டு தடவை விக்கிவிட்டு நின்றுவிட்டது. அலை படகைப் பக்கவாட்டில் பிடித்துக் கல் சுவரை நோக்கித் தள்ளியது. ததேயுஸ் ஒரு நிமிஷம்கூட ஸ்டார்ட்டரோடு மல்லுக்கட்டவில்லை. ஓடிப்போய் நங்கூரத்தைப் போட்டார். அது மணலைப் பிடித்து, படகின் மூக்கு அலைக்கு நேரே திரும்பியது. கல்லுக்கும் படகுக்கும் நடுவில் இரண்டு ஆள் நீளம்தான் இருந்தது என்று பிறகு நாச்சிமுத்துவின் மனைவி சொன்னார். வலை வீசிவிட்டுத் திரும்பிய ஒரு ஃபைபர் வள்ளம் கயிறு கட்டி அவர்களை உள்ளே இழுத்து வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

5. ஜெட்டியில்

கல்யாண வேட்டியோடு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். படகு கட்டும் ஜெட்டியில் இருபது பேர் கூடியிருந்தார்கள், எல்லோரும் ததேயுசின் ஊர்க்காரர்கள். ஹேட்சைத் திறந்து, ஒரு பழைய பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கிண்ணத்தின் திருகைத் திறந்தேன். வந்தது முழுக்கத் தண்ணீர்.

நாச்சிமுத்து பாட்டிலைப் பார்த்தார். "வடிக்கச் சொல்லலீங்களா செல்வின்?"

"நேத்தே சொன்னேன் சார். காலைலயும் போன்ல கேட்டேன். எடுத்தாச்சுன்னு சொன்னார்."

நாச்சிமுத்து ததேயுஸ் பக்கம் திரும்பினார். "எடுத்தேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன் மொதலாளி."

"அப்ப இது என்னங்க?"

ததேயுஸ் பாட்டிலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "எடுத்தேன்னு சொன்னது பொய்யில்ல. வெள்ளம் எடுத்தேன்" என்றார்.

"ரெண்டு கொழந்தைங்க படகுல இருந்துச்சுங்க. பொய் சொல்றவரை நம்பி எப்படிங்க கடலுக்குப் போறது? நாளைல இருந்து நீங்க வர வேண்டாங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதனால் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. ததேயுஸ் சாவிக்கொத்தை ஹேட்சின் மேல் வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்க்காமல் நடந்தார்.

எனக்கும் அவர் மேல் கோபம்தான். சின்னத் திருகு, அரை நிமிஷ வேலை, அதைச் செய்யாமல் செய்தேன் என்று சொல்லிவிட்டாரே என்று நினைத்தேன். அந்தக் கோபத்தோடு டாங்க்கை முழுக்கக் காலி செய்து துடைத்தேன், ஃபில்டர்களை மாற்றினேன். இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் துரு பிடிக்கும் முன்னால் புது டீசல் விட்டு, காற்றை வெளியேற்றி, அன்று இரவுக்குள் எஞ்சினை ஓடவைத்தேன். மேல்தட்டு மூடியின் ஓ ரிங்கும் வெடித்திருந்தது. எல்லாம் சரியாக, முறையாகச் செய்தேன். அதுவும் எனக்குத் திருப்தியாகவே இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

6. ஐஸ் மில் வாசலில்

நாலாவது நாள் புதுக் கிண்ணத்தை மாட்டப் போனேன். போகிற வழியில் மீன்பிடித் துறையின் ஐஸ் மில் எதிரே டீ குடிக்க நின்றேன். போட்டு என்று அவர்கள் சொல்லும் விசைப்படகு ஒன்று கடலுக்குப் புறப்படத் தயாராகிக்கொண்டிருந்தது. கரையில் நின்ற ஒருவர் உள்ளே இருந்தவனிடம் கேட்டார்.

"ஐஸ் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"டீசல் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"வெள்ளம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு, பத்து கேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தேன். கடலுக்குப் போகிறவன் எடுத்தாச்சு என்றால் ஏற்றியாச்சு என்று அர்த்தம். ஐஸ் எடுப்பது, டீசல் எடுப்பது, குடிவெள்ளம் எடுப்பது. முப்பது வருஷம் கடலுக்குப் போன மனுஷனிடம் நான் "வெள்ளம் எடுத்தியா" என்று கேட்டிருக்கிறேன். ஃபில்டர் என்று சொல்லவில்லை. கிண்ணம் என்று சொல்லவில்லை. வடி என்று சொல்லவில்லை. முழுசுமா என்று வேறு கேட்டிருக்கிறேன். அவர் குடிதண்ணீர் டாங்க்கை முழுசும் நிரப்பிவிட்டு, உள்ளதைச் சொல்லியிருக்கிறார்.

படகுக்குப் போய் முதலில் குடிதண்ணீர் டாங்க்கின் அளவு காட்டும் கேஜைப் பார்த்தேன். முக்கால்வாசிக்கு மேல் இருந்தது.

அப்போதே நாச்சிமுத்துவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. ஒரு நாள் போகட்டும் என்றேன். பிறகு, ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் சொல்லலாம் என்றேன். ஒருநாள் போனை எடுத்து நம்பரைப் போட்டுவிட்டு, அவர் எடுப்பதற்குள் கட் செய்தேன். அவர் திருப்பிக் கூப்பிட்டபோது, புதுக் கிண்ணம் மாட்டியாச்சு என்று மட்டும் சொன்னேன். பயம், வேறென்ன. அந்தக் கரையில் எனக்கு கல்ஃப் மெக்கானிக் என்று ஒரு பெயர் உண்டு. என் கவனக்குறைவால் இரண்டு குழந்தைகள் கல்லில் மோத இருந்தார்கள் என்று என் வாயாலேயே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நானும் வேண்டுமென்று செய்யவில்லையே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டேன்.

இதற்கிடையில் அந்த ஊரில் அது கேலிப் பேச்சாகிவிட்டது. யாராவது ஒரு வேலையைச் செய்யாமல் செய்தேன் என்று சொன்னால், "ததேயுஸ் வெள்ளம் எடுத்த மாதிரியா?" என்று கேட்கிறார்கள் என டீக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். கடலில் ஒரு போட்டுக்காரன் இன்னொருவனை நம்புவது அவன் வாய்ச்சொல்லை வைத்துத்தான். ததேயுசை எந்தப் போட்டிலும் காவலுக்குக்கூட வைக்கவில்லை. அதைக் கேட்ட அன்று பதினோராவது நாள்.

7. பதினோராவது நாள்

டீக்கடையிலிருந்தே நாச்சிமுத்துவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"வெள்ளம்னா எங்கூர்ல ஆத்துல அடிச்சுட்டு வர்றதுங்க" என்றார் முதலில். அவருக்குப் புரிய இரண்டு தடவை விளக்க வேண்டியிருந்தது.

"எப்பங்க தெரிஞ்சது உங்களுக்கு?"

"ஒரு வாரம் ஆச்சு சார்."

"அந்த மனுசன் என் பேத்திகளக் காப்பாத்துனாருங்க. நான் அவரப் பொய்யன்னு சொல்லி அனுப்பிட்டேன். நீங்க ஒரு வாரமா தெரிஞ்சுட்டே இருந்திருக்கீங்க." அதற்கு மேல் என்னைத் திட்டவில்லை. "நான் ஞாயித்துக்கெழமை வர்றேன். ஜெட்டியில வச்சு சொன்னத ஜெட்டியில வச்சே திருப்பிச் சொல்லணுங்க. அவரை வரச் சொல்லுங்க."

ததேயுசின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். உட்காரச் சொல்லவில்லை. ததேயுஸ் உள்ளே இருந்து வந்து, தூணில் சாய்ந்து நின்றார். வரும் வழியெல்லாம் பேசிப் பார்த்து வைத்திருந்ததை அவரிடம் ஒப்பித்தேன். நீ ஏற்றியதைச் சொன்னாய், நான் வடித்ததாக நினைத்தேன், தப்பு என்னுடையது என்றேன். அவர் ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எனக்கு அன்னைக்கே மனசிலாச்சு சாரே" என்றார். "குப்பில வெள்ளத்தக் கண்டப்பமே மனசிலாச்சு."

"பின்ன ஏன் அங்கேயே சொல்லல்ல?"

"அது சாருக்க வேலயாக்கும். எப்பவும் நீங்கதான எடுப்பிய. நீங்க வராததுனாலதான் இப்பிடி ஆச்சுன்னு மொதலாளி முன்னால வச்சு, உங்கள நிறுத்திக்கிட்டு நான் எப்பிடிச் சொல்ல? போன்ல என்ன கேட்டோம்னு உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்லுவியன்னு நெனச்சுதான் உங்களப் பாத்தேன்."

ஜெட்டியில் அவர் என்னைப் பார்த்த பார்வை நினைவுக்கு வந்தது. மாட்டிக்கொண்டவன் திருதிருவென்று விழிக்கிறான் என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.

"இன்னைக்குச் சொல்லுவிய, நாளைக்குச் சொல்லுவியன்னு இருந்தோம்" என்றார் அவர் மனைவி. அந்த அம்மாள் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆட்கள் வரும் நேரத்துக்கு நாச்சிமுத்து ஜெட்டியில் நின்றார். "இவரு பொய் சொல்லலீங்க, நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லி, சாவிக்கொத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். அதற்குப் பிறகு நானும் சொன்னேன். என்ன கேட்டேன் என்பதை வார்த்தை மாறாமல் சொன்னேன். கூட்டத்தில் ஒரு கிழவர், "அப்பிடிக் கேட்டா நானும் ஏத்தியாச்சுன்னுதான் சொல்லுவேன்" என்றார். ததேயுஸ் சாவியை வாங்கிக்கொண்டு படகில் ஏறினார்.

இப்போதும் நாங்கள் அந்தப் படகில்தான் இருக்கிறோம். நான் போக முடியாத நாட்களில் போன் செய்தால், வெள்ளம் என்ற வார்த்தையே எங்கள் பேச்சில் வருவதில்லை. "என்ன செய்தே, ஒவ்வொண்ணா சொல்லு" என்பேன். கிண்ணத்துக்குக் கீழே உள்ள திருகை எந்தப் பக்கம் திருப்பினார், எதில் பிடித்தார், எத்தனை விரல் அளவு வந்தது என்று அவர் சொல்வார். செய்தாயா என்று கேட்டால் ஆமாம் என்ற பதில்தான் வரும். என்ன செய்தாய் என்று கேட்டால்தான் செய்த வேலை தெரியும். இது தொழிலுக்கான பாடம், ஒரு போன் காலில் கற்றுக்கொள்ளலாம்.

மற்றது கொஞ்சம் கஷ்டம். அன்று ஜெட்டியில் முதலாளி கேட்டபோது நான் பொய் சொல்லவில்லை. ததேயுஸ் சொன்ன பதிலை அப்படியே சொன்னேன். நான் கேட்ட கேள்வியைச் சொல்லவில்லை. அதையும் சொல்லியிருந்தால், சுற்றி நின்ற இருபது பேரில் ஒருவராவது அங்கேயே சிரித்திருப்பார், விஷயம் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். உங்கள் தொழிலில் ஏதாவது தவறிப்போய், யார் என்ன சொன்னார் என்று ரிப்போர்ட் எழுத உட்காரும்போது, அடுத்தவர் சொன்ன பதிலுக்கு மேலே நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் எழுதுங்கள். நான் சொல்லாமல் விட்ட ஒரு வரிக்காக, அதைச் சொல்வேன் என்று நம்பி, ஒரு குடும்பம் பதினோரு நாள் காத்திருந்தது.